நடுவில் ‘முற்றும்’ போட்ட புத்தகம்

என் வீட்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒரு நாவல் இருக்கிறது. கடையில் வாங்கியதில்லை. ஒரு வார இதழில் தொடர்கதையாக வந்ததை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு போட்டு வைத்த புத்தகம். பச்சைத் துணி அட்டை, ஓரத்தில் எலி கடித்த தடம். அதில் ‘முற்றும்’ என்ற சொல் நட்ட நடுவில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ‘தொடரும்’ என்று இருக்கிறது. இது கோளாறு என்று தெரியாமல் பன்னிரண்டு வருடம் அந்தப் புத்தகத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினேன். தெரிந்த பிறகும் கொண்டாடுகிறேன். அது எப்படி என்றுதான் சொல்லப் போகிறேன்.

நான் கோட்டுச்சேரியில் பிறந்து தலத்தெருவில் வாழ்க்கைப்பட்டவள். காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். எனக்குக் குழந்தை இல்லை. இந்த மூன்றில் மூன்றாவதைத்தான் ஊர் முதலில் சொல்லும். சிலிண்டர் கொண்டு வருகிறவர் வழி கேட்டால்கூட, “அந்தப் புள்ள இல்லாதவங்க வீடா, நேரா போயி இடது கைப் பக்கம்” என்று எதிர்வீட்டு அம்மாள் சொல்வதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. வழி சரியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும்.

எங்கள் ஊரில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா. அன்றைக்குச் சிவபெருமான் பிச்சை கேட்கும் கோலத்தில், கையில் ஓடு ஏந்தி, சப்பரத்தில் வீதி உலா வருவார். சப்பரம் நகர நகர, இருபுறமும் மாடிகளில் நிற்பவர்கள் மாம்பழங்களைக் கூட்டத்துக்குள் எறிவார்கள். வேண்டுதல் பலித்தவர்கள் மேலே நின்று எறிவார்கள். வேண்டுதல் இருப்பவர்கள் கீழே நின்று பிடிப்பார்கள். பிள்ளை இல்லாதவள் அந்தப் பழத்தைப் பிடித்துச் சாப்பிட்டால் அடுத்த ஆனிக்குள் தொட்டில் கட்டலாம் என்பது நம்பிக்கை. கட்டியவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை.

கல்யாணமான மறுவருடம், என் இருபத்தாறாவது வயதில், என் நாத்தனார் என்னை முதல்முறை அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். என் கணவரின் அக்கா, பூவத்தில் இருப்பவர். நல்ல மனுஷி, பேச்சில்தான் கொஞ்சம் காரம் தூக்கல். “முந்தானைய நல்லா விரிச்சுப் புடிம்மா. கூச்சப்பட்டுக்கிட்டு நின்னா சாமி எப்படிக் குடுக்கும்?” என்றார். விரித்துப் பிடித்தேன். சுற்றிலும் ஐம்பது அறுபது முந்தானைகள் விரிந்திருந்தன. மேலிருந்து பழங்கள் வந்தன. முன்னால் நின்ற உயரமான ஒருத்தி இரண்டைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அப்படிப் பதினான்கு ஆனிகள். ஒரு பழம்கூட என் கையில் விழவில்லை. ஒன்று தோளில் பட்டு உருண்டு போனது. ஒன்று என் முந்தானையில் விழுந்தது. நான் மூடுவதற்குள் பக்கத்துக் கை ஒன்று எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு வருடமும் கடைசியில் என் கணவர் கூட்டத்துக்குள் புகுந்து எங்கிருந்தோ ஒரு பழத்தோடு வருவார். கோயில் பக்கம் திரும்பி நின்று அதைச் சாப்பிடுவேன். பிறகு முப்பது நாள், அறுபது நாள் என்று காத்திருப்பேன். மருத்துவம், சோதனை, இரண்டு ஊர் ஜோசியர்கள், எல்லாம் நடுவில் நடந்தன. அவற்றை எழுத எனக்கு இஷ்டமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கேட்டுக் கேட்டே நான் தேய்ந்து போனேன். பிள்ளை இல்லாத வருத்தத்தைவிட, கேட்கிறவளாகவே கிழவியாகிவிடுவேனோ என்ற பயம் பெரிதாகிவிட்டது. எதற்காகப் பிறந்தேன் என்ற கேள்வி பெரிய ஞானிகளுக்குத்தான் வரும் என்பார்கள். எனக்கு மாம்பழக் கூட்டத்தில் இடி வாங்கிக்கொண்டு நிற்கும்போது வந்தது.

பதினான்காவது வருடம் ஒரு காய் என் புருவத்தில் வந்து விழுந்தது. மறுநாள் வீக்கத்தோடு அலுவலகம் போனேன். எனக்கு எதிர் மேசையில் ஓர் அக்கா இருந்தார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். நான் அவரை அவர்கள் வீட்டு வழக்கப்படி லாத்தா என்று கூப்பிடுவேன். “என்ன புள்ள, சாமி குறி தவறிட்டாரா?” என்று லாத்தா சிரித்துக்கொண்டே கேட்டார். வழக்கமாக நானும் சேர்ந்து சிரிப்பேன். அன்றைக்குப் பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

லாத்தா பின்னாலேயே வந்தார். தண்ணீர் குடிக்கக் கொடுத்தார். மறுநாள் இந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “இதப் படி. ஒரு வருசத்துக்கு மேல வந்த தொடர். வாராவாரம் கிழிச்சு வச்சு பைண்டு போட்டேன். எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. ஆனா படிக்கிறப்ப அழுவ வந்துச்சு. நீ படிச்சிட்டு எனக்கு விளக்கிச் சொல்லு” என்றார்.

ஒவ்வொரு வாரத்துக் கதையின் தலைப்பிலும் ஒரு சதுரம் கத்தரித்து எடுக்கப்பட்டிருந்தது. அங்கே இருந்த வண்ணப் படங்களை லாத்தாவின் மகள் பள்ளி நோட்டில் ஒட்டுவதற்காக வெட்டியிருந்தாள். படத்தோடு அத்தியாய எண்ணும் போயிருந்தது. அதைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை.

கதை இதுதான். ஆற்றங்கரையில் ஒரு மனிதன் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறான். அவன் எந்த ஊர், எதற்காகக் காய்ச்சுகிறான் என்று ஒரு வரி கிடையாது. வழிப்போக்கர்கள் வருகிறார்கள், குடிக்கிறார்கள், போகிறார்கள். ஒருவன் உப்பில்லை என்று திட்டுகிறான். ஒருத்தி பானையையே தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். அவன் வேறு பானை தேடுகிறான். “இத்தனை பேருக்கு ஊற்றுகிறாயே, நீ யாரிடமும் எதுவும் கேட்கமாட்டாயா?” என்று ஒரு வண்டிக்காரன் கேட்கிறான். “கேட்டு வருகிறவர்களிடம் நான் என்ன கேட்பது?” என்கிறான் அவன். ஒருநாள் கடைசி அகப்பையையும் ஊற்றிவிட்டு, பானையைக் கவிழ்த்து வைத்து, ஆற்றைப் பார்த்து நிற்கிறான். முற்றும்.

பக்கத்தைத் திருப்பினால் அதே மனிதன், அதே பெயர், ஒரு பெரிய வீட்டில் செல்வனாக இருக்கிறான். நான் எதற்குப் பிறந்தேன் என்ற கேள்வி அவனைத் தூங்கவிடவில்லை. ஒரு காலையில் கொட்டாங்கச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு இறங்குகிறான். ஊர் ஊராகப் பிச்சை எடுக்கிறான். கதவுகள் சாத்தப்படுகின்றன. நாய்கள் துரத்துகின்றன. சாமியார்கள் அவனை ஏமாற்றுகிறார்கள். கடைசியில் கொட்டுகிற மழையில், காலியான கொட்டாங்கச்சியோடு, மூடிய ஒரு கதவின் முன் நிற்கிறான். உள்ளே தாழ்ப்பாள் நீங்கும் சத்தம் கேட்கிறது. அத்தோடு புத்தகம் முடிகிறது, ‘தொடரும்’ என்று.

கோட்டுச்சேரிக்கு அம்மாவைப் பார்க்கப் போகும் பஸ்ஸில் அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் காரைக்கால் எல்லை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். என்ன ஒரு முடிவு! தாழ்ப்பாள் சத்தத்தோடு நிறுத்தி, ‘தொடரும்’ என்று போடுகிற துணிச்சல் யாருக்கு வரும்? நடுவில் ‘முற்றும்’ போடுகிற ஞானம் யாருக்கு வரும்? சாதாரணக் கதை என்றால் சந்தேகம் வந்திருக்கும். ஆன்மிக நாவல் என்பதால், புரியாததெல்லாம் ஆழம் என்று எடுத்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் லாத்தாவுக்கு விளக்கம் சொன்னேன். “இது ரெண்டு பிறவி லாத்தா. மொத பிறவியில இருக்கிறதெல்லாம் கொடுத்துத் தீர்த்துட்டான். அடுத்த பிறவியில கேட்கப் போறான். கொடுத்தவனுக்குத்தான் கடைசியில கதவு திறக்குது.”

“எங்களுக்குத்தான் மறுபிறவி கிடையாதே. வேற சொல்லு” என்றார் லாத்தா, மீன் முள்ளை எடுத்துக்கொண்டே.

யோசித்துப் பார்த்தேன். “சரி, ஒரே பிறவின்னே வச்சுக்குங்க. மொதல்ல கொடுக்கணும். அப்புறம்தான் கேட்கணும்.”

“அது சரிதான். அது எங்களுக்கும் ஒத்துவரும்” என்று லாத்தா ஒப்புக்கொண்டார். எங்கள் தத்துவ விசாரம் அந்தச் சோற்றுப் பாத்திரத்தோடு முடிந்தது. ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை.

அலுவலகச் சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கும். அந்த வருடத்துப் படம் எங்கள் ஊர்ச் சாமிதான், பிச்சை கேட்கும் கோலம். தபால் உறைகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கையில் ஓடு இருந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற ஓடுதான். அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது. கஞ்சிக்காரன் சொன்னது நினைவுக்கு வந்தது. கேட்டு வருகிறவர்களிடம் நான் என்ன கேட்பது? சாமி ஓடு ஏந்திக்கொண்டு தெருவில் வருகிறது. அதனிடமா நான் பதினான்கு வருடமாக மடி ஏந்தினேன்? பசி என்று வந்தவரிடம் சோறு கேட்டிருக்கிறேனே! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அலுவலகம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். 

அடுத்த ஆனியில் நான் மாடியில் நின்று எறியப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். நாத்தனார் காதுக்குப் போய், அவர் பூவத்திலிருந்து அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். “வேண்டுதல் பலிச்சவங்க எறியற பழம் அது. உனக்கு என்ன பலிச்சிச்சு? கீழ எத்தனை பொண்ணுங்க நம்பிக்கையோட நிக்கும். வெறுங்கையா நிக்கிறவ எறியற பழத்த வாங்கித் தின்னா அதுங்களுக்கு என்ன ஆவறது?” என்றார்.

 கோபக்காரிக்குப் பதில் இல்லாதபோது கோபம் இன்னும் அதிகமாக வரும். “என் பழம் விஷம்னு சொல்றீங்களா அண்ணி?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு அறைக்குள் வந்துவிட்டது. என் வெறுமை அந்தப் பழத்தில் ஒட்டிக்கொண்டு, கீழே நிற்கிற ஒரு சின்னப் பெண்ணிடம் போய்ச் சேருமோ?

அன்றைக்கு என் கணவர் ஓர் உண்மையைச் சொன்னார். இருபது வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசாத மனிதர். “நீ சாப்பிட்டதுல மூணு பழம்தான் மாடியிலேர்ந்து விழுந்தது. மிச்சமெல்லாம் முக்குல வண்டிக்காரர்கிட்ட வாங்குனது. நீ அவ்ளோ நேரம் இடி வாங்கிட்டு வெறுங்கையோட வர்றத என்னால பாக்க முடியல” என்றார். பதினோரு வருடமாக வண்டிப் பழத்தைக் கோயில் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறேன். கோபம் வரவேண்டிய இடம்தான். வரவில்லை. எனக்காகப் பொய் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவர் என்று அவர் மேல் ஆசை பொங்கியது.

எறிவதற்கு மாடி வேண்டுமே? லாத்தாவின் தம்பிக்குச் சப்பரம் வரும் வீதியில் ஒரு துணிக்கடை உண்டு. அதன் முதல் மாடி நல்ல தாழ்வான மாடி. லாத்தாவே அவரிடம் பேசி இடம் வாங்கித் தந்தார். பழம் பொறுக்கவும் கூட வந்தார். எறிகிற பழத்துக்கு ஒரு பக்குவம் வேண்டும். நன்றாகக் கனிந்தது என்றால் விழுந்து சிதறும். காய் என்றால் மண்டை உடையும், என் புருவமே சாட்சி. செங்காயாக இருக்க வேண்டும். நானும் லாத்தாவும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து ஒரு கூடை எடுத்தோம்.

அந்த முதல் ஆனியை எப்படிச் சொல்வது? கீழே பதினான்கு வருடம் நின்ற இடத்தை மேலேயிருந்து பார்த்தேன். விரித்த முந்தானைகள் வீதி முழுக்கத் தெரிந்தன. மேளச் சத்தத்தோடு சப்பரம் வந்தது. ஓடு ஏந்தியவர் என் கண்ணுக்கு நேராக வந்தார். “எறி புள்ள” என்றார் லாத்தா. “நீங்களும் எறிங்க லாத்தா” என்றேன். “நான் கூடையப் புடிச்சுக்கிறேன், நீ எறி” என்றார். முதல் பழத்தை எறிந்தபோது, ‘இனி கேட்கிறவளாக இருக்கமாட்டேன், இதுதான் என் வேண்டுதல்’ என்று மனதுக்குள் சொன்னேன். யாரோ ஒருத்தி அதைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். கூடை காலியான பிறகும் உள்ளே கைவிட்டு இன்னொரு பழம் தேடினேன். 

அதற்குப் பிறகு நான் ஞானியாகிவிடவில்லை. கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் நாட்கள் மாறின. சாப்பாட்டு நேரத்தில் அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். விதவை உதவித்தொகை, பட்டா மாற்றம், குடும்ப அட்டை என்று பகல் முழுவதும் கேட்டு வருகிறவர்கள்தான் அங்கே. அந்த முகங்களை எனக்கு நன்றாகத் தெரியும். பதினான்கு வருடம் என் முகமாக இருந்தவை அவை. கஞ்சி ஊற்ற எனக்கும் ஓர் ஆற்றங்கரை கிடைத்துவிட்டது என்று லாத்தா கேலி செய்வார். நாத்தனார் ஒரு வருடம் பேசவில்லை. மூன்றாவது ஆனிக்குப் பூவத்து வீட்டு மரத்திலிருந்து ஒரு சாக்குக் காய் வந்து இறங்கியது. கூடவே ஒரு செய்தி: “நீ எறியற கையோட இதையும் எறிஞ்சிடு.” வென்றுவிட்டேன் என்று அன்றைக்குக் கூடத்தில் தனியாக ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன்.

இந்த வருடம்தான் வில்லங்கம் வந்தது. பொங்கல் கழிந்து, ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் அதே நாவல், அச்சிட்ட புத்தகமாக, பளபளவென்று இருந்தது. படங்களோடு பார்க்கலாமே என்ற ஆசையில் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சோறு வடித்துவிட்டுப் பிரித்தேன். முதல் அத்தியாயத்தில் பெரிய வீட்டுச் செல்வன் கொட்டாங்கச்சியோடு கிளம்பினான்.

மறுபடி மறுபடி புரட்டினேன். கஞ்சிக்காரன் பாதிப் புத்தகத்துக்குப் பிறகுதான் வந்தான். மழையில் நின்றவனுக்குக் கதவு திறக்கிறது. ஓர் ஏழைப் பெண் தன் பங்கு கஞ்சியை அவன் கொட்டாங்கச்சியில் ஊற்றுகிறாள். வாங்கிக் குடித்தவன் அதிலிருந்து பாடம் கற்று, அதே ஆற்றங்கரையில் பானை வைக்கிறான். எங்கள் பைண்டில் அந்த ஒரு வாரத்துத் தாள் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. ‘முற்றும்’ ஒழுங்காகக் கடைசியில் இருந்தது. நான் படித்தது பின்பாதி முன்னாலும் முன்பாதி பின்னாலும் போட்ட புத்தகம்!

லாத்தா போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் வீட்டுக்கே போய் இரண்டு புத்தகத்தையும் அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார், புரட்டினார், நெற்றியில் அடித்துக்கொண்டார். “அய்யோ புள்ள! ரெண்டு கட்டாக் கட்டி வச்சிருந்தேன். ஆபீசு பழக்கத்துல புதுக் கட்ட மேல வச்சேன். கோப்புல புதுசு மேலதானே வைக்கணும்? பைண்டுகாரர் குடுத்தபடியே தச்சிட்டாரு.”

உலகத்தில் யாருக்கும் வராத பிழை, இரண்டு அரசு எழுத்தர்களுக்கு வந்திருக்கிறது. சிவப்பு மையில் பக்க எண் போட்டே முதுகு வளைந்தவள் நான். ஒரு கோப்பில் ஒரு தாள் இடம் மாறினால் கண்டுபிடித்துவிடுவேன். என் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட நாவலில் கோட்டை விட்டிருக்கிறேன். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. எழுதியவர் சொன்னது வேறு. முதலில் ஒருவர் கொடுக்க வேண்டும், வாங்கியவன் பிறகு கொடுக்கிறான். பெற்றவன்தான் கொடுக்க முடியும். அப்படியென்றால் நாத்தனார் அன்றைக்குச் சொன்னதுதான் சரி. எனக்கு எதுவும் பலிக்கவில்லை. பைண்டிங் பிழையை நம்பி ஒருத்தி மாடியேறி, பன்னிரண்டு ஆனிகள் கீழே நின்ற பெண்களை ஏமாற்றியிருக்கிறாள். “அக்கா, எத்தனை புள்ளைங்க உங்களுக்கு?” என்று சில வருடங்கள் கீழேயிருந்து குரல் வரும். மேளச் சத்தத்தில் கேட்காதது போல அடுத்த பழத்தை எறிந்திருக்கிறேன். அந்த மௌனம் இப்போது முள்ளாகக் குத்தியது. நான் கொடுக்கிறவளா, கொடுக்கிறவள் மாதிரி நடித்தவளா? 

இந்த ஆனிக்கு நான் போகவில்லை என்று என் கணவரிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் இரண்டு புத்தகத்தையும் மடியில் வைத்துப் புரட்டினார். பிறகு கேட்டார்: “வெறுங்கையா இருக்கிறவ பன்னண்டு வருசம் எப்படி எறிஞ்சே? உன்கிட்ட இருந்தாத்தானே எறிய முடியும்?”

 முக்கு வண்டியில் வாங்கிய பழங்கள் நினைவுக்கு வந்தன. மாடி வாங்கித் தந்து கூடை பிடித்த லாத்தா, கோபத்தோடு வந்து பிறகு சாக்கு அனுப்பிய நாத்தனார், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிட்டுப் போகிற கிழவர்கள் எல்லோரும் வரிசையாக வந்தார்கள். என் கொட்டாங்கச்சி எப்போதோ நிறைந்திருக்கிறது. கையில் விழாத மாம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குத் தெரியவில்லை. எந்தப் பாதி முன்னால் வந்தால் என்ன? ஒன்று மட்டும் முடிவு செய்தேன். இந்த முறை யாராவது கேட்டால், மேளம் எவ்வளவு சத்தமாக இருந்தாலும், உண்மையைச் சொல்வேன். அதைக் கேட்டு அவர்கள் பழத்தைக் கீழே போட்டால் போடட்டும்.

ஆனி வந்தது. அதே துணிக்கடை மாடி. லாத்தாவுக்கு மூட்டு வலி. இருந்தும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து கூடையைத் தூக்கிக்கொண்டார். சப்பரம் வந்து, எங்கள் கடைக்கு எதிரே அர்ச்சனைக்காக நின்றது. நான் எறிய ஆரம்பித்தேன். நேர் கீழே மஞ்சள் புடவையில் ஒரு சின்னப் பெண், புதுத் தாலிக்கயிறு பளிச்சென்று தெரிந்தது. கெட்டிக்காரி. முந்தானையெல்லாம் விரிக்கவில்லை, எம்பி எம்பிக் கையாலேயே பிடித்தாள். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று என்று என் பழம் இரண்டு அவளிடம் போய்விட்டது. மேளம் ஒரு நிமிடம் ஓய்ந்தது. அவள் அண்ணாந்து கேட்டாள்.

“அக்கா, உங்களுக்கு எத்தனை புள்ளைங்க?”

லாத்தா என்னைப் பார்த்தார்.  கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வீதிக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன்: “புள்ள இல்லம்மா எனக்கு! பதினாலு வருசம் நீ நிக்கிற இடத்துலதான் நின்னேன். ஒரு பழம் கையில விழல. அப்புறம் மேல வந்து எறிய ஆரம்பிச்சேன். நல்லா இருக்கேன்!”

கீழே நாலைந்து முகங்கள் நிமிர்ந்தன. யாரோ ஒருத்தி உச்சுக்கொட்டினாள்.  மஞ்சள் புடவைக்காரி கையிலிருந்த இரண்டு பழத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கீழே வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கட்டும், சொன்னது சொன்னதுதான் என்று நிமிர்ந்து நின்றேன். அவள் ஒரு பழத்தை இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டாள். இன்னொன்றை வலது கையில் எடைபோட்டுப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாக மேலே பார்த்தாள்.

“அக்கா, புடிங்க!” என்று கத்திக்கொண்டே அதை எனக்கு எறிந்தாள்.

ஐம்பத்திரண்டு வயதில், யோசிக்க நேரமில்லாமல், இரண்டு கையையும் நீட்டினேன். பழம் சரியாக உள்ளங்கைகளுக்குள் வந்து விழுந்தது. லாத்தா கூடையைத் தரையில் போட்டுவிட்டுக் கைதட்டினார். மேளம் மறுபடி எழுந்தது. கத்தியும் இல்லை, தட்டும் இல்லை, கோயில் எந்தப் பக்கம் என்றும் பார்க்கவில்லை. அங்கேயே நின்று, எல்லோரும் பார்க்க, தோலோடு கடித்தேன்.